போனில் பச்சை, கண்ணில் சாம்பல்: துருவ ஒளிப் படங்கள் பொய்யா?

வெண்பனி:
துருவ ஒளி, அதாவது துருவப் பக்கத்து இரவு வானில் ஆடும் அரோரா, பார்க்க நார்வேயின் ட்ரோம்சோவில் மூன்று இரவு தங்கிவிட்டு வந்தேன். முதல் இரவு முழுக்க மேகம். இரண்டாம் இரவு வழிகாட்டி கை காட்டிய இடத்தில் அடுப்புப் புகை மாதிரி ஒரு சாம்பல் பட்டை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் போனை மூன்று வினாடி அசையாமல் பிடித்தார், திரையில் பளீரென்று பச்சை! துருவ ஒளிப் படமெல்லாம் போன் செய்கிற ஜோடனை என்பது என் கட்சி.

முக்காலி:
கட்சி தப்பு. சுமார் 100 கி.மீ. உயரத்துக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் விடுகிற ஒளி அது. பச்சை அங்கே நிஜமாகவே இருக்கிறது. மங்கிய இருட்டில் நம் கண்ணில் வேலை செய்வது குச்சி செல்கள், அவற்றுக்கு நிறம் பிடிபடாது. போன் சில வினாடி ஒளியைச் சேர்த்து வைக்கிறது. கண்ணால் அது ஆகாது.

வெண்பனி:
சேர்ப்பதோடு நிறுத்தினால் சரி. நைட் மோட் பல பிரேம்களை அடுக்கி, புள்ளிகளைத் துடைத்து, நிறத்தையும் ஏற்றிவிடுகிறதே! அவர் படத்தில் பனித்தரைகூடப் பச்சை.

வடகடல்:
பனி பச்சையாகும், அது பொய்யில்லை. நான் நார்வேயின் வடகோடி பின்மார்க்கில் வளர்ந்தவன், அப்பாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. மார்கழியில் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வரும்போதே தலைக்கு மேல் ஆடும். வலுவான நாளில் பச்சை வெறும் கண்ணுக்கே தெரியும், அடி ஓரத்தில் இளஞ்சிவப்பும் ஓடும், அது நைதரசன். அந்த நேரம் பத்து வினாடி வைத்து எடுத்துப் பாருங்கோ. மடிப்பு மடிப்பாக ஆடினதெல்லாம் கரைந்து, படத்தில் பச்சைக் கூழ்தான் மிஞ்சும். போன் கூட்டிச் சொல்கிறது என்கிறீர்கள். நான் பார்த்தவரைக்கும் குறைத்தும் சொல்லும்.

முக்காலி:
அதற்குத்தான் ப்ரோ மோட், எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கலாம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, ஒளி ஆடினால் 2 வினாடி திறந்து வைக்கணும், சும்மா நின்றால் 8. ஃபோகஸ் கையால் கடைசித் தொலைவுக்கு. நிறச் சமனான வொயிட் பேலன்ஸை 4000 கெல்வினில் கட்டிப்போட்டால் போன் இஷ்டத்துக்கு நிறம் பூசாது. ட்ரைபாடும் டைமரும் கட்டாயம், தொட்டாலே போன் ஆடிவிடும். இன்னொன்று, 2024 மே சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லே வானாய்வகக் கேமராக்களில் சிவப்புத் துருவ ஒளி பதிவானதே, அதுவும் ஜோடனையா?

வெண்பனி:
ஹான்லேயை விடுங்கள், அது ஆய்வகம். என் சண்டை பயண விளம்பரத்தோடு. படத்துக்குக் கீழே எத்தனை வினாடி என்று போடட்டும்.

வடகடல்:
அது நியாயம். மூன்றாம் இரவு என்ன நடந்தது? சொல்லவே இல்லையே.

வெண்பனி:
மைனஸ் 15. போன் 40 சதவீதத்தில் அணைந்துவிட்டது. அப்புறம்தான் தலைக்கு மேலே ஏதோ அசைந்தது. கொஞ்சம் பச்சையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. படம் இல்லை, அதனால் சொல்லவில்லை.

முக்காலி:
போனை உள்சட்டைப் பையில் வைத்திருக்கலாமே, சகோ.