வரியில் வலதுசாரி, திருமணத்தில் வேறு: அப்படியானால் நான் யார்?

நடுக்கடல்:
எனக்கு 22 வயது. அரசாங்கம் கடன் வாங்கிக் கைக்கு வந்தபடி செலவழிப்பது பிடிக்காது. குடும்பம் என்ற அமைப்பு முக்கியம் என்று நினைக்கிறேன். எதையும் ஒரே இரவில் புரட்டிப் போடுகிறேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம். இதுவரைக்கும் நான் அக்மார்க் பழமைவாதி. ஆனால் இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சட்டப்படி திருமணம் செய்துகொள்வதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. கருக்கலைப்பு பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை. கூடப் படிப்பவர்கள் என்னைப் பிற்போக்கு என்கிறார்கள், அரசியலில் என் பக்கம் இருப்பவர்கள் வேஷக்காரி என்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நம் மொழியில் அந்தச் சொல்லே பாதி வசவு என்பது வேறு விஷயம். ‘கன்சர்வேட்டிவ்’ என்றால் ஒரு கொள்கை மாதிரி ஒலிக்கிறது, ‘பழமைவாதி’ என்றால் காலாவதியான ஆள் மாதிரி.

பழுத்தஇலை:
தம்பி, திருமணத்தையும் சமயத்தையும் கழித்துவிட்டால் உன் பழமைவாதத்தில் மிச்சம் இருப்பது வரிக்குறைப்பு மட்டும்தான். அதற்கு ஒரு கணக்காளர் போதும், கொள்கை எதற்கு?

நடுக்கடல்:
தம்பி இல்லை ஐயா, தங்கை. மேலே ‘வேஷக்காரி’ என்றே எழுதியிருக்கிறேன். பழமைவாதம் என்பது மாறாத பட்டியல் என்று யார் சொன்னது? 2011-இல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் தன் கட்சி மாநாட்டிலேயே நின்று, தான் கன்சர்வேட்டிவாக இருப்பதால்தான் ஒருபாலினத் திருமணத்தை ஆதரிப்பதாகச் சொன்னார். ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொண்டு வாழ்வது சமூகத்துக்கு நல்லது என்றால், அந்தப் பொறுப்பைக் கேட்டு வருகிறவர்களை ஏன் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். என் வாதமும் அதுதான்.

சிவப்புமை:
கேமரன் கதையின் பின்பாதியையும் சொல்லுங்கள். 2013 பிப்ரவரியில் அந்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது அவருடைய கட்சி உறுப்பினர்களில் 127 பேர் ஆதரவு, 136 பேர் எதிர்ப்பு. எதிர்க்கட்சியின் வாக்குகள்தான் காப்பாற்றின. உங்கள் மனதில் இருக்கும் நல்ல எண்ணம் சட்டமன்றத்தில் கை தூக்காது, நீங்கள் வாக்களித்து அனுப்பும் ஆள்தான் தூக்குவார். ‘பொருளாதாரத்துக்காகத்தான் போட்டேன்’ என்று சொல்லலாம். வாக்குச்சீட்டில் அப்படி ஒரு குறிப்பு எழுத இடமில்லையே.

பழுத்தஇலை:
சிவப்புமையோடு நான் ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை. சீட்டு ஒன்று, சரக்கு மொத்தம்.

தராசு:
இந்தச் சண்டை புதிதல்ல என்பதற்காக ஒன்று. அமெரிக்காவில் 1960-இல் ‘யங் அமெரிக்கன்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்று வலதுசாரி இளைஞர்கள் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். ஒன்பதே வருடத்தில், 1969-இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அது பிளந்தது. இளைஞர்களைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்ப்பது பற்றித்தான் தகராறு. அரசு விலகி நிற்க வேண்டும் என்று நம்பியவர்கள் ‘அப்படியானால் கட்டாயப் படைச்சேவை மட்டும் எப்படிச் சரி?’ என்றார்கள், மரபுவாதிகள் ‘நாடு, கடமை’ என்றார்கள். ஒருவர் அரங்கிலேயே படைச்சேவை அட்டைக்குத் தீ வைத்தார், அப்புறம் அடிதடி. சுதந்திரம், மரபு என்ற இரண்டு குதிரைகளைப் பூட்டிய வண்டி இது. நடுக்கடல் ஒரு குதிரைக்குத் தீனி போடுகிறார், பழுத்தஇலை இன்னொன்றுக்கு. வண்டி யாருடையது என்று இரண்டு பேருமே கேட்டால் எப்படி?

நடுக்கடல்:
இது பிடித்திருக்கிறது. போகப் போக எங்கள் தலைமுறையே இதைத் தீர்த்துவிடும். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று பள்ளியிலேயே படித்தோமே.

பழுத்தஇலை:
அந்த நூற்பா சொற்களைப் பற்றியது தங்கையே, சமூகத்தைப் பற்றியது அல்ல. அடுத்த சொல் என்ன? ‘வழுவல’. அதாவது, குற்றமில்லை. பழையதைக் கழித்தே ஆக வேண்டும் என்று இலக்கணக்காரர் கட்டளை போடவில்லை. இவ்வளவு நிதானமாக அனுமதி கொடுத்தவரைப் புரட்சிக்காரராக்காதீர்கள்.

சிவப்புமை:
(இதற்கு மட்டும் கைத்தட்டு.) ஆனால் தலைமுறை தானாகத் தீர்க்கும் என்பது கனவு. தென்கொரியாவில் 2022 அதிபர் தேர்தலின் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பைப் பாருங்கள். இருபதுகளில் இருந்த ஆண்களில் சுமார் 58 சதவீதம் பேர் பாலினச் சமத்துவ அமைச்சகத்தைக் கலைப்பேன் என்ற யூன் சுக் யோலுக்குப் போட்டார்கள், அதே வயதுப் பெண்களில் ஏறக்குறைய அதே சதவீதம் எதிர் வேட்பாளருக்கு. ஒரே வயது, ஒரே வகுப்பறை, இரண்டு நாடு. அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி குடியரசுக் கட்சியினரிடையே ஒருபாலினத் திருமணத்துக்கான ஆதரவு 2021-இல் 55 சதவீதம், 2025-இல் 41. கடிகாரம் பின்னாலும் ஓடும்.

நடுக்கடல்:
அந்த 41 எனக்குத் தெரியாது, வலிக்கிறது. ஆனால் அது என் வாதத்துக்குத்தான் உதவுகிறது. உள்ளே பேச ஆள் இல்லாவிட்டால் எண் இறங்காமல் என்ன செய்யும்?

சிவப்புமை:
உள்ளே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மார்கரெட் தாட்சரைப் பாருங்கள். 1960களில், ஓரினச்சேர்க்கையைக் குற்றமாகக் கருதும் சட்டத்தைத் தளர்த்த வாக்களித்த மிகச் சில கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களில் அவர் ஒருவர். பிரதமரான பிறகு 1988-இல் அதே ஆளின் அரசுதான் உள்ளாட்சி அமைப்புகள் அதை ‘ஊக்குவிக்க’த் தடை போட்டது. இங்கிலாந்தில் அது நீங்க 2003 ஆனது. தனி மனிதருக்கு ஒரு மனசாட்சி, கட்சிக்கு ஒரு கணக்கு. சரி, நேராகக் கேட்கிறேன். உங்கள் கட்சி திருமணச் சட்டத்தைத் திரும்பப் பெறுவோம் என்று அறிக்கை விட்டால்?

நடுக்கடல்:
போட மாட்டேன். அதற்காக உங்களுக்கும் போட மாட்டேன். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போடுவேன். பத்துப் பேர் வந்தால் கூட்டம் என்று சொல்கிற இடம் அது, அங்கே ஒரு குரலுக்கு எடை உண்டு. 136 பேர் எதிர்த்த கட்சியில் 127 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

சிவப்புமை:
அப்போது கேமரன் நடத்தியது கூட்டணி அரசு என்பதையும் சேர்த்து நினைக்கிறேன்.

பழுத்தஇலை:
நான் அங்கே இருந்திருந்தால் 137-ஆவது ஆள். மறைக்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வந்து சண்டை போடுகிறேன் என்கிறவரை வேஷக்காரி என்று சொல்லவும் மாட்டேன். கருக்கலைப்பில் முடிவுக்கு வரவில்லை என்றீர்களே, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள் தங்கையே. அங்கே வருகிறேன், இவ்வளவு சாதுவாக இருக்க மாட்டேன்.