தென்னை ஈர்க்குப் பட்டாம்பூச்சி ஏன் குப்புற விழுகிறது?

தக்கலைக்காரன்: 2015இல் ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் செய்த பறக்கும் இயந்திரப் பட்டாம்பூச்சி 32 கிராம், சிறகு விரிவு 50 செ.மீ. அதே அளவில் ஈர்க்கும் பாலித்தீனும் வைத்துச் செய்தேன். விறைப்புக்காகச் சிறகின் நடுவிலும் இரண்டு ஈர்க்கு. ஆடிக் காற்றுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேதான் விட்டேன். நாலு தடவை சிறகடித்ததும் மூக்குக் குத்துகிறது.

குளச்சல்: முதலில் நடு ஈர்க்கை உருவு மக்கா! சிறகுகள் மேலே சேரும்போது கிண்ணம் மாதிரிக் குழிந்து, நடுவே சிக்கிய காற்றைப் பீய்ச்ச வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வளையும் சிறகுக்குச் செயல்திறன் 28% கூடுதல்.

மார்த்தாண்டம்: மூக்குப் பக்கம் கனம் குறைய பேட்டரியையும் ஒரு விரற்கடை பின்னே தள்ளுங்கண்ணே.

தக்கலைக்காரன்: சரி, இரண்டும் செய்தாச்சு. இப்போது அலமாரி வரை போகிறது. அம்மாவின் துடைப்பத்தில்தான் ஈர்க்கு குறைகிறது.