புதுப்பிப்பு: திரைக்கு வெளியே உள்ள தமிழிசையைத் தேடியது

திரைப்படங்களைச் சாராத தமிழ் இசைக்குழுக்களை எப்படிக் கண்டடைவது என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். இசைச் செயலியின் பரிந்துரையை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள் என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அந்த யோசனை நன்றாகவே பலித்திருக்கிறது.

2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து தொடங்கினேன். கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, பறையும் டிரம்ஸும் ஒன்றையொன்று அமுக்காமல் ஒலிக்கும் அந்த இசையை ஒழுங்குசெய்த தென்மாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவரும் கபேர் வாசுகியும் இணைந்த குரங்கன் குழு கிடைத்தது. அங்கிருந்து வாசுகியின் தனிப்பாடல்களுக்குச் சென்றேன். பேச்சுத்தமிழை மெட்டுக்காக வளைக்காமல் பாடுகிற அவரைத்தான் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு முதலில் சொல்வேன்.

கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே ஓர் ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய மற்றவையும் திறக்கும். நம் ரசனையோடு ஒத்துப்போகிற ஒருவர் அகப்பட்டால் பல வாரங்களுக்குக் கேட்கப் பாட்டுண்டு. டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றச் செலவு போக மீதி கலைஞருக்கே போய்ச் சேருகிறது என்பதால், பிடித்ததை அங்கேயே வாங்குகிறேன்.

பரிந்துரைக்கும்போது குழுவின் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பாடலில் தொடங்கலாம் என்பதையும் பாடலாசிரியர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இலங்கைக் குழுக்களைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.