பூனை உசுரோட எலி புடிச்சினு வந்து வீட்ல வுடுது, ராத்திரில அடைச்சு வெக்கலாமா?

ராயபுரம்_லட்சுமி:
எங்க பட்டுவுக்கு மூணு வயசு, பொட்டப் பூனை, குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணியாச்சு. இந்த மாசம் மட்டும் மூணு தடவ ஆயிடுச்சு. மொதல்ல அணில் குட்டி, அப்புறம் மூஞ்சூறு, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பெரிய எலி. கவ்வினு வந்து கட்டில் பக்கத்துல நின்னு அடித்தொண்டைல கூப்ட்டுச்சு, நான் லைட்ட போட்டதும் வாயத் தொறந்து எலிய வுட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துச்சு. எலி ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் அடியில பூந்துக்கிச்சு. பக்கத்துலயே பாய் போட்டு அஞ்சு வயசு பொண்ணு தூங்குது. விடியிற வரைக்கும் தொடப்பமும் கையுமா நானும் வூட்டுக்காரரும் ஒக்காந்து இருந்தோம். பாசத்துல கொண்டு வருதுனு மாமியார் சொல்றாங்க. அடைச்சா பாவமா, சொல்லுங்க.

காசிமேடு_கடலோடி:
பாவம்தான்கா, அடைக்காதீங்க. வலை போட்டு வச்சிருக்கிற எடத்துல ஒரு ராத்திரி எலி பூந்துச்சுனா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியும், நைலான் வலைய கொதறி வச்சிரும், கண்ணி கண்ணியா முடிஞ்சு சரி பண்றதுக்குள்ள ரெண்டு நாள் தொழில் போயிடும். பூனை இருக்கக்கொண்டுதான் தப்பிக்கிறோம். மாமியார் சொல்றதுதான் கரெக்ட்டு. தாய்ப்பூனை குட்டிங்களுக்கு மொதல்ல செத்த எலிய கொண்டாரும், அப்புறம் அரை உசுரு, அப்புறம் முழு உசுரோட கொண்டாந்து வுட்டு புடிக்க கத்துக் குடுக்கும், நானே பாத்துகீறேன். பட்டுவுக்கு குட்டி இல்ல, அதான் உங்களயே குட்டியா நெனச்சுக்கிச்சு.

பெரம்பூர்_செண்பகம்:
குட்டிங்களுக்கு அப்டி செய்யறது உண்மைதான் அண்ணா, ஆனா மனுசங்களுக்கும் அதுக்குத்தான் கொண்டு வருதுனு எப்டி சொல்றீங்க? கடுவன் பூனையும்தான் கொண்டு வருது, அது எந்தக் குட்டிக்கு பாடம் எடுத்துச்சு? தெருவுல வச்சு தின்னா நாயோ வேற பூனையோ புடுங்கினு போயிடும், வீடு பத்திரமான எடம், அதனால கொண்டு வருதுன்றதுதான் எனக்குப் பொருத்தமா படுது. வயிறு ரொம்பி இருந்தாலும் வேட்டையாடும், பசி வேற, புடிக்கிற வெறி வேற.

அணில் குட்டி என்னாச்சு லட்சுமி அக்கா? பூனை வாயிலேந்து எடுத்த ஒரு குட்டிய நான் கையில வச்சுப் பாத்திருக்கேன். ரத்தமே இல்ல, தப்பிச்சிருச்சுனு நெனச்சேன். முடிய வெலக்கிப் பாத்தா முதுகுல ஊசி குத்துன மாதிரி ரெண்டே ரெண்டு புள்ளி. பூனை பல்லுல இருக்கிற கிருமி அது வழியா உள்ள போயிடுது, உடனே டாக்டர்கிட்ட காட்டி ஆன்டிபயாடிக் குடுக்கலனா ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். அதுவும் மறுநாள் சாயங்காலம் போயிடுச்சு.

ராயபுரம்_லட்சுமி:
நல்லாத்தான் இருக்குனு மரத்துலயே வுட்டுட்டேன் பா. இப்ப மனசு என்னமோ பண்ணுது.

காசிமேடு_கடலோடி:
அணிலுக்கு நானும் வருத்தப்படறேன். அதுக்கு பூனை கழுத்துல மணி கட்டுங்க, சத்தம் கேட்டா அதுங்க ஓடிடும், எதுக்கு அடைக்கணும்?

பெரம்பூர்_செண்பகம்:
மணி பெருசா உதவல அண்ணா. இங்கிலாந்துல எக்ஸிடர் பல்கலைக்கழகத்துக்காரங்க 219 வீட்ல 355 பூனைய வச்சுப் பாத்து 2021ல எழுதுனாங்க, மணி கட்டுனதுல சொல்ற மாதிரி வித்தியாசம் தெரியல. கறி நெறைய இருக்கிற தீனி குடுத்த பூனைங்க வீட்டுக்கு கொண்டு வர்றது 36 சதவீதம் கொறஞ்சுது. தெனம் அஞ்சு பத்து நிமிஷம் கூட விளையாடுனதுக்கே 25 சதவீதம் கொறஞ்சுது.

காசிமேடு_கடலோடி:
அந்த ஊரு பூனையும் எங்க பூனையும் ஒண்ணா தங்கச்சி? அங்க பூனைக்கு டப்பா தீனி, இங்க ஹார்பர்ல வுழற மீனு. இங்க மழை பேஞ்சா தண்ணி நிக்குது, எலி மூத்திரம் அதுல கலந்து எலிக்காய்ச்சல் வருது. பூனைய உள்ள பூட்டிட்டா எலிய யாரு புடிக்கிறது? இதுக்கு பதில் சொல்லுங்க.

வியாசர்பாடி_ஜோதி:
அண்ணா நீங்க கேக்கறது நியாயம், ஆனா அதே எலிதான் எங்க பூனைய சாவடிக்கப் பாத்துச்சு, அத சொல்லிடறேன். போன வருசம் எங்க சந்துல மூணு நாலு வீட்ல எலி மருந்து வச்சாங்க, ப்ரோமாடியோலோன் கட்டி. அத தின்ன எலி உடனே சாவாது, மூணு நாள் நாலு நாள் ஆவும், அதுக்குள்ள தள்ளாடி தள்ளாடி பகல்லயே வெளிய வரும். எங்க வெள்ளையன் ஒரே வாரத்துல ரெண்டு எலிய உசுரோட கொண்டு வந்தான், நாங்களும் இன்னா கெட்டிக்காரன்னு கொஞ்சினோம். அதுங்க ஓட முடியாம கெடந்த எலிங்கனு எங்களுக்கு அப்ப தெரியல. ஒண்ண தின்னுட்டான். நாலாம் நாள் சோறு வேணாம்னு சுருண்டுட்டான், வாயத் தொறந்து பாத்தா ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு, மூக்குல சொட்டு சொட்டா ரத்தம். ஆட்டோ புடிச்சு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுனோம். ரத்தம் உறையாம பண்ற மருந்தாம் அது, வைட்டமின் கே ஊசி போட்டு அப்புறம் ஒரு மாசம் மாத்திரை குடுத்து காப்பாத்துனாங்க. லட்சுமி அக்கா, உங்க எலி வேகமா ஓடுச்சா, தடுமாறுச்சா? அத மொதல்ல சொல்லுங்க.

ராயபுரம்_லட்சுமி:
நல்லா வேகமா ஓடுச்சு ஜோதி. ஆனா பின் தெருவுல மருந்து வெக்கிறாங்க, அது எனக்குத் தெரியும்.

காசிமேடு_கடலோடி:
ஜோதி சொன்னத படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். எங்க வலை எடத்துலயும் மழைக்கு முன்னாடி மருந்து வெக்கிறோம், பூனையும் அங்கயே சுத்துது. ரெண்டும் ஒண்ணா வெக்கக் கூடாதுனு இன்னிக்கே பேசறேன், பொறி வாங்கலாம். ஆனா பூனைய அடைக்கணும்ன்றத நான் ஒத்துக்க மாட்டேன், எங்க எடத்துல அது வேல செய்யுது.

பெரம்பூர்_செண்பகம்:
வேல செய்யற எடத்துல வுடுங்க அண்ணா, நான் கேக்கறது வீட்டுப் பூனைக்கு, அதுவும் ராத்திரிக்கு மட்டும்.

ராயபுரம்_லட்சுமி:
எட்டு மணிக்கே கதவ சாத்திட்டேன். அரை மணி நேரம் கதவ பிராண்டினு கத்துச்சு, பொண்ணு ரிப்பன் ஒண்ண தரைல இழுத்து இழுத்து ஆட்டம் காட்டுச்சு, இப்ப அந்த ரிப்பன வாயில கவ்வினு கட்டில் பக்கத்துல வந்து நிக்குது, நேத்து கூப்ட்ட அதே கொரல்ல கூப்புடுது.