சூளகிரிப் பக்கம் நிலம் விற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா?

சூளகிரிக்காரன்:
ஓசூர் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். முன்பெல்லாம் மானாவாரியில் ராகி, அவரை, கொள்ளு. போர்வெல் இருந்தவர்கள் கோஸும் கொத்தமல்லியும் போட்டார்கள். அப்புறம் புரோக்கர்கள் வந்தார்கள். ஏக்கர் கணக்கில் விற்ற நிலம் இப்போது சதுர அடிக் கணக்கில் கைமாறுகிறது.

விற்றவர்களை நான் கூடவே இருந்து பார்த்து வருகிறேன். முதலில் மாடி வீடு, அப்புறம் பெரிய கார், அப்புறம் ஊரே வாயைப் பிளக்கும் அளவுக்கு ஒரு கல்யாணம். அதற்கடுத்து அண்ணன் தம்பிக்குள் கேஸ். ஒரே திண்ணையில் களி தின்று படுத்தவர்கள் இன்று கோர்ட் வாசலில் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள். காசு வந்தது, நிம்மதி போனது என்பதுதான் என் முடிவு.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் மீதமிருக்கும் இரண்டு ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். அப்பா வேண்டாம் என்கிறார். குடும்பம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நான் அப்பா பக்கம்.

பாலக்கோட்டுத் தக்காளி:
காசு வந்தால் நிம்மதி போகும் என்று சொல்பவர்கள் எல்லோருமே காசு பார்த்தவர்களாக இருக்கிறார்கள், கவனித்தீர்களா அண்ணா?

நான் தக்காளி போடுகிறவன். 2023 ஜூலையில் கடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அடகில் கிடந்த மனைவியின் நகை அந்த மாதம்தான் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்ததற்குப் பெயர் நிம்மதி இல்லை என்றால் வேறு என்ன? விலை விழும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாது, செடியிலேயே விட்டுவிடுவோம். அந்த வாரங்களில் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேச மாட்டோம். பிள்ளை பேனா கேட்டால்கூட எரிச்சல் வரும்.

கோர்ட் கதையைப் பணத்தின் தலையில் கட்டாதீர்கள். எங்கள் ஊரில் அரை அடி வரப்புக்கு ஒரு கேஸ் ஓடுகிறது. இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொந்தமாக ஒரு டூவீலர்தான் இருக்கிறது.

எண்கணக்கு:
இருவரும் ஊர்க்கதையை வைத்தே மோதுகிறீர்கள். கொஞ்சம் ஆய்வுகளையும் பார்ப்போம்.

1974-இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியல் அறிஞர் ஒரு முரணைக் காட்டினார். ஒரு நாட்டுக்குள் பார்த்தால் பணக்காரர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் அந்த நாடே ஆண்டுக்கணக்கில் வளம் பெறும்போது மக்களின் மகிழ்ச்சி அதே வேகத்தில் ஏறவில்லை. நாம் ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரரும் ஏறிவிடுகிறார் அல்லவா! சூளகிரி அண்ணன் சொல்வது இதற்குக் கிட்டத்தில் வருகிறது.

2010-இல் உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் பொருளியல் அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடம் பார்த்தது: ஆண்டு வருமானம் 75,000 டாலர் அளவைத் தாண்டிய பிறகு அன்றாட மனநிலை மேலும் கூடுவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்தப் பாதிதான். தன் வாழ்க்கைக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள் என்று கேட்டபோது, அந்த எண் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போனது என்ற மீதிப் பாதியை யாரும் அனுப்புவதில்லை.

2021-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் வேறு முறையில் அளந்து, மனநிலையும் எங்கேயும் நிற்காமல் ஏறுகிறது என்றார். அப்புறம் கானமனும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து 2023-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டேதான் போகிறது. மகிழ்ச்சியில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் நின்றுவிடுகிறது. சாவு, பிரிவு, மனச்சோர்வு மாதிரியான துயரத்தைப் பணம் ஓரளவுக்கு மேல் தொட முடியாது என்பது அவர்கள் ஊகம்.

இந்த ஏற்றம் ரூபாய்க் கணக்கில் வருவதில்லை, மடங்குக் கணக்கில் வருகிறது. மாதம் பத்தாயிரம் இருபதாயிரம் ஆவதும், ஒரு லட்சம் இரண்டு லட்சம் ஆவதும் ஏறக்குறைய ஒரே படிதான்.

சூளகிரிக்காரன்:
லாட்டரி ஆய்வை விட்டுவிட்டீர்களே சார். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட ஒன்றும் அதிக மகிழ்ச்சியாக இல்லை என்று 1978-லேயே அமெரிக்காவில் காட்டிவிட்டார்கள். நிலம் விற்ற காசும் ஒருவகையில் லாட்டரிதான்.

எண்கணக்கு:
அந்த ஆய்வில் பரிசு பெற்றவர்கள் மொத்தமே 22 பேர். உங்கள் ஊர் டீக்கடையில் அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். 2020-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்தது. பெரிய பரிசு பெற்றவர்களுக்கு வாழ்க்கை மீதான திருப்தி கூடியது, பத்தாண்டுக்குப் பிறகும் குறையவில்லை. அன்றாட மகிழ்ச்சியில் மாற்றம் அதைவிடச் சின்னதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஊதாரித்தனமாகச் செலவழித்துத் தெருவுக்கு வந்த லாட்டரிக்காரர் என்பது பத்திரிகைக்குப் பிடித்த கதை. அங்கே பெரும்பாலானவர்கள் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துச் செலவு செய்திருக்கிறார்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
ஸ்வீடன்காரனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கிடையாது, பிள்ளை படிப்புச் செலவு கிடையாது. அவன் காசைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போனபோது, மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் லோடோடு காத்துக் கிடந்தவர்களிடம் வந்து மடங்குக் கணக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அரூர் டீச்சர்:
மாந்தோப்பு அண்ணா கோபப்படுவது சரிதான். அவருடைய கோபத்தைத் தாங்கும் ஆய்வு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் பார்த்தார்கள். பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உளவியல் அறிஞர் எல்டார் ஷாஃபிரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2013-இல் வெளியானது. கரும்புக்காரனுக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் பெரிய காசு வரும். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 ஆகிவிட்டது. இரண்டு முறையும் அவர்களுக்குப் படப் புதிர்கள் கொடுத்துச் சோதித்தார்கள். அதே ஆள், அதே படிப்பு. காசு முடையாக இருந்தபோது மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. இதன் புள்ளிவிவர முறை மீது விமர்சனம் எழுந்ததும் உண்டு. ஆனால் பள்ளிக்கட்டணம் கட்டும் மாதத்தில் பெற்றோர்களின் முகத்தைப் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு அதை நம்ப முடிகிறது.

தக்காளி தம்பி பேனா கேட்டால்கூட எரிச்சல் வரும் என்றாரே, அதுதான் இது. இத்தனை பேரும் எவ்வளவு பணம் என்றே பேசுகிறீர்கள். எப்படி வருகிற பணம் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வருவது, விலையைப் பொறுத்து வருவது, ஒரே நாளில் கொட்டுவது, மாதம் தவறாமல் வருவது – நான்கும் வேறு வேறு வாழ்க்கை.

1989-இல் பன்னாட்டு நிதி உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்றைக்கு அந்தப் பெண்கள் சேர்த்தது சில்லறைக் காசு. ஆனால் அவசரத்துக்கு எடுக்க ஒரு இடம் இருக்கிறது என்ற தைரியம் சில்லறை இல்லை. மகளிர் உரிமைத் தொகைக்கான முதல் விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் தொப்பூரில் தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாயில் யாரும் பணக்காரர் ஆகவில்லை. எங்கள் தெருப் பெண்கள் அதைத் தேதி வைத்துச் செலவு செய்கிறார்கள், அதுதான் விஷயம்.

பாலக்கோட்டுத் தக்காளி:
ஆயிரம் ரூபாய் ஓட்டுக்காகக் கொடுப்பது டீச்சர். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நெறியாளர்:
கட்சி அரசியல் வேண்டாம். இதைத் தொடர்ந்து வந்த ஐந்தாறு பதிவுகள் நீக்கப்பட்டன.

எண்கணக்கு:
டீச்சர், உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் மாதப் பணமே உயர்ந்தது என்று சட்டென்று முடிவு கட்ட முடியாது. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுத்து ஆய்வு செய்தார்கள், 2016-இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு மொத்தமாக, சிலருக்கு மாதாமாதம். மாதாமாதம் வாங்கியவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு குறைந்தது. மொத்தமாக வாங்கியவர்கள் பொருள்கள் வாங்கினார்கள். ஆனால் உடம்பில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் மொத்தமாக வாங்கியவர்களிடம்தான் குறைவாக இருந்தது.

அதே பணத்தைப் பற்றிய இன்னொரு அலசலில், பணம் கிடைக்காத அக்கம்பக்கத்தாரின் திருப்தி இறங்கியிருந்ததும் தெரிந்தது. சூளகிரி அண்ணா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதி போனது விற்றவர்களுக்கா, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கா?

சூளகிரிக்காரன்:
நேரடியாகவே பொறாமை என்று எழுதியிருக்கலாம் சார். பதில் சொல்கிறேன். பக்கத்து நிலத்தில் லேஅவுட் வந்தால் என் கிணற்றுக்கு வரும் ஓடை அடைபடுகிறது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. மாடு மேய்க்க இடமில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் வயிறு எரிகிறது என்றால், அவன் விவசாயம் செய்யும் வழியும் சேர்த்துத்தான் அடைக்கப்படுகிறது. மனசை அளக்கிற உங்கள் ஆய்வில் ஓடைக்கு எத்தனை மதிப்பெண்?

பென்னாகரத்துப் பெரியவர்:
தம்பிகளா, சூளகிரிக்காரர் கடைசியாகக் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. நாங்கள் குடித்து வளர்ந்தது ஃப்ளோரைடு தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். எங்கள் பக்கத்து போர்கள் பலவற்றில் அது தாண்டும். பல்லில் பழுப்புக் கறை, நடுவயதிலேயே மூட்டுவலி, சிலருக்கு முதுகு நிமிராது. இதில் பணக்காரர், ஏழை வித்தியாசம் கிடையாது. மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வான். பெண் பார்க்க வந்த இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. எல்லா ஊருக்கும் எல்லா நாளும் சரியாக வருகிறதா என்றால் இல்லை, அது தனிச் சண்டை. ஆனால் என் பேரன் பல் வெள்ளையாக இருக்கிறது. அந்தச் சொத்தை நான் என் பேரில் பத்திரம் பதிந்து வாங்கியிருக்க முடியுமா? ஆளாளுக்குச் சொந்தக் கணக்கில் வைத்திருப்பதை மட்டும் செல்வம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி:
ஐயா சொல்வதற்கு மறுப்பில்லை. ஆனால் குழாய் வருவதற்கு முன்னால் காசு இருந்தவன் கேன் தண்ணீர் வாங்கினான், இல்லாதவன் அதே போர்த் தண்ணீரைக் குடித்தான். அந்த இடைவெளியைக் கடக்க உதவியது காசுதான்.

ஷிப்ட் பி:
ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். எல்லாம் படித்தேன். ஆண்கள் நிலத்தைப் பற்றிப் பேசும்போது நிலம் மட்டும்தான் சொத்து என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள்.

எனக்குச் சொத்து என்பது சம்பளத் தேதி. அந்தத் தேதி வந்த பிறகு எங்கள் வீட்டு வாசலில் வட்டிக்காரர் வந்து உட்காருவது நின்றது. அப்பா வயலை விற்கவும் இல்லை, அதை மட்டும் நம்பியும் இல்லை. டீச்சர் சொன்ன நான்கில் கடைசி வகை எங்களுடையது. ஆனால் அதையும் புகழ்ந்து தள்ள வேண்டாம். நைட் ஷிப்ட் மாறும் வாரத்தில் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. நின்றே வேலை. கான்ட்ராக்ட் முடிந்தால் அந்தத் தேதியும் முடிந்தது. மாதம் தவறாமல் வருகிற பணமும் ஒருவர் கையெழுத்தில்தான் தொங்குகிறது.

எண்கணக்கு:
சூளகிரி அண்ணாவின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். விற்பதாக இருந்தால், மொத்தப் பணத்தை மாதப் பணமாக மாற்ற வழி இருக்கிறது. அறுபது வயது தாண்டியவருக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். காரும் கல்யாணமும் அதைத் தொடுவதற்கு முன் அப்பா பேரில் போட்டுவிடுங்கள்.

சூளகிரிக்காரன்:
அதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். வட்டி வந்துவிட்டால் விடிந்ததும் நான் எங்கே போவது என்று கேட்கிறார். உங்களிடம் அதற்கு ஏதாவது சதவீதம் இருக்கிறதா?

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
இதற்குத்தான் நான் லைக் போடுவேன்.

அரூர் டீச்சர்:
அப்பா கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் ஓசூர் வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு விடிந்ததும் அங்கே யார் போவது? அண்ணன் விற்கச் சொல்வது பேராசையால் மட்டும்தானா, அவருக்குக் கடன் ஏதும் இருக்கிறதா? நிம்மதியைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அதை எழுதவில்லை.

சூளகிரிக்காரன்:
கடன் இருக்கிறது. பொதுவில் அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

ஷிப்ட் பி:
ஒன்று கேட்கலாமா அண்ணா? அது பூர்வீக நிலமா, அப்பா தானே வாங்கியதா? உங்களுக்கு அக்கா தங்கை உண்டா?

சூளகிரிக்காரன்:
பூர்வீகம். கூட்டுப் பட்டா. ஒரு தங்கை, காவேரிப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நகையும் சீரும் குறைவில்லாமல் செய்தோம். அவள் எதுவும் கேட்க மாட்டாள், நல்ல குணம்.

ஷிப்ட் பி:
பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. நகையும் சீரும் செய்ததால் அந்தப் பங்கு கழிந்துபோகாது. விற்பதென்றாலும் வைத்திருப்பதென்றாலும் உங்கள் தங்கையின் சம்மதமும் வேண்டும். நீங்களும் அப்பாவும் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் என்று எழுதினீர்கள். மூன்றாவது ஆளுக்கு இந்தப் பேச்சே தெரியுமா?

சூளகிரிக்காரன்:
இன்னும் சொல்லவில்லை. முதலில் நாங்கள் ஒரு முடிவுக்கு வரவேண்டும் அல்லவா?

ஷிப்ட் பி:
முடிவுக்கு வந்த பிறகு சொன்னால் அதற்குப் பெயர் கையெழுத்து வாங்குவது. இந்த ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் போய்வாருங்கள். கடன் விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.