பாட்டியின் குரல் கேசட், ஒட்டு ஆல்பம், கடிதங்கள்: எதை முதலில் தொடுவது?

மழைத்துளி:
பாட்டி தவறிட்டாங்க. அவங்க பேசின 2 கேசட், பிளாஸ்டிக் தாள் மூடின ஒட்டு ஆல்பம், ஒரு கட்டுக் கடிதம் இருக்கு. இதை வெச்சு அவங்க வாழ்க்கையைக் குடும்பத்துக்குள்ள ஒரு சின்னப் புத்தகமா தொகுக்கணும். கேசட்ல குரல் போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி மங்கலா இருக்கு. ஆல்பத்துல படம் உரிய மாட்டேங்குது. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

நாடாச்சுருள்:
அந்தக் கேசட்டைச் சும்மா சும்மா ஓட்டாதீங்க. பிளேயர்ல டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கிற வசதி) பட்டன் போட்டிருந்தா முதல்ல அணைங்க. டால்பி இல்லாம பதிஞ்சதை டால்பி போட்டு ஓட்டினா குரல் மங்கும். அடுத்து, கேசட் வாயில நாடாவுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கான்னு பாருங்க. பசை காய்ஞ்சு அது விழுந்துட்டா நாடா ஹெட்டோட (பிளேயர்ல நாடாவைப் படிக்கிற உலோகப் பகுதி) சரியா அழுந்தாது. இருந்தா, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க. அப்பவும் மங்கல்னா அசிமத் கோளாறு, அதாவது ஹெட் நாடாவுக்கு நேரா இல்லாம சாய்ஞ்சிருக்கலாம்: ஹெட் பக்கத்துல இருக்கிற ஸ்பிரிங் ஸ்குரூவை, நாடா ஓடும்போதே துளித்துளியா திருப்பி, 'ஸ' ஓசை கூர்மையா கேக்கற இடத்துல நிறுத்துங்க.

கேசட்டோட பின் விளிம்புல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் துண்டையும் இப்பவே உடைச்சிடுங்க. தெரியாம ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. கம்ப்யூட்டர்ல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத) கோப்பா ஏத்துங்க. ஸ்டீரியோவுல மணிக்கு சுமார் 1 ஜிபி வரும். இரைச்சல் நீக்கறதெல்லாம் நகல்ல மட்டும்.

படச்சட்டம்:
ஆல்பத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் முழுசா படம் எடுங்க, வரிசையும் ஒரு தகவல்தான். மெழுகு பூசாத பல் இழையைப் படத்துக்கு அடியில விட்டு, ரெண்டு கையாலும் இடம்வலமா மெதுவா இழுங்க. ஹேர் டிரையர் யோசனை யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. சூட்டுல பசை இளகி படத்துக்குள்ள ஊறிடும். மேல் தாளே படத்தோட முகத்துல ஒட்டியிருந்தா பிய்க்காம அப்படியே ஸ்கேன் பண்ணுங்க.

ஸ்கேன் பண்ண 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) போதும், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. டிஃப் (TIFF, தரம் குறையாத பட வகை) கோப்பா சேமிங்க. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணணும்.

கிளைக்கணக்கு:
ரெண்டு பேரும் சொல்றது சரி, ஆனா வரிசை தப்பு. ஆல்பம் இன்னும் ஆறு மாசம் காத்திருக்கும். பாட்டியோட தங்கையோ நாத்தனாரோ இருந்தா அவங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பக்கங்களை மொபைல்ல எடுத்துக்கிட்டு முதல்ல அவங்ககிட்ட போங்க. ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும், அதுக்கு மேல சோர்ந்துடுவாங்க. ஃபேனை அணைச்சு, மொபைலை ஏரோபிளேன் மோடுல போட்டுப் பதிவு பண்ணுங்க. நடுவுல அழைப்பு வந்தா பதிவு அறுந்துடும்.

"எந்த வருஷம்?"னு கேட்டா யாருக்கும் வராது. "அப்ப யார் கைக்குழந்தை?"னு கேளுங்க, பிறந்த தேதியை வெச்சு வருஷத்தை நீங்களே பிடிச்சிடலாம். 'சின்னம்மா'ன்னு மட்டும் எழுதி வெச்சா அடுத்த தலைமுறைக்கு உதவாது. முழுப் பேர், பாட்டிக்கு என்ன உறவு, படத்துல இடமிருந்து எத்தனாவது ஆள்னு எழுதுங்க. ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும், யார் சொன்னதுன்னு சேர்த்துப் போடுங்க.

மழைத்துளி:
நன்றி. கடிதங்கள்ல பாதிக்குத் தேதியே இல்லையே?

கிளைக்கணக்கு:
உறை மேல தபால் முத்திரை பாருங்க. அதனாலதான் உறையையும் கடிதத்தையும் பிரிச்சு வெக்கக் கூடாது. ரெண்டுலயும் ஒரே எண்ணை மென்மையான பென்சில்ல மூலையில போடுங்க. ரப்பர் பேண்டோ துருப்பிடிச்ச குண்டூசியோ இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.