முன்னால் இரண்டு மட்டும் குளிர்கால டயர் போட்டால் போதுமா? உதவுங்கள்

கேட்டவர்: முன்சக்கர இழுவை கார், டயர் அளவு 205/55 ஆர்16. இப்போது இருப்பது ஆல் சீசன் (ஆண்டு முழுவதும் ஓட்டும் டயர்), பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு, 3 மி.மீ. போலத்தான் மிச்சம். குளிர்காலக் காலைகளில் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பனிப்பொழிவு அவ்வப்போது, பெரிய சாலையில் உடனே வழித்துவிடுவார்கள், எங்கள் தெரு மட்டும் அப்படியே கிடக்கும். ஆனால் பனியே இல்லாத ஈரச் சாலையில்கூட பிரேக்கை அழுத்தினால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) தடதடவென்று அடிக்கிறது, வண்டி கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது. முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் ஆகுமா, இல்லை நான்குமா?

பதில் 1: இரண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் நன்றாகப் பிடிக்கும், பின்பக்கம் பிடி இல்லாமல் வளைவில் வண்டி அப்படியே சுற்றிக்கொள்ளும், அதைச் சமாளிப்பது லேசான காரியம் இல்லை. போட்டால் நான்கும் ஒரே வகை.

ஈரத்தில் ஏபிஎஸ் அடிப்பதற்கு உங்கள் 3 மி.மீ. ஒன்றே போதும். பனியிலும் அதே கதைதான். பட்டன்களுக்கு மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும் பாருங்கள், பனியைக் கவ்வுவது அவைதான், பல டயர்களில் அவை அடி வரை போகாது, தேயத் தேய மறைந்துவிடும். சட்டப்படி பல நாடுகளில் 1.6 மி.மீ. வரை ஓட்டலாம் என்றாலும் பனிக்கு 4 மி.மீ.க்குக் கீழே போனால் நம்ப முடியாது. டயர் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா, டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் என்ன?

கேட்டவர்: மலை எதுவும் இல்லை, எம்+எஸ் (M+S, சேறும் பனியும்) என்று மட்டும் இருக்கிறது. எண் 3517. அப்புறம், நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் டயரைப் பற்றிக் கவலையே இல்லை என்கிறார்களே?

பதில் 2: கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் பிடிக்கும்போது எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம்தான்.

3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்தது, ரப்பர் இறுகியிருக்கும், தேயாமல் இருந்தாலும் மாற்றச் சொல்லியிருப்பேன். எம்+எஸ் என்பது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்குப் பனியில் சோதனை தேவையில்லை. மலைச் சின்னம் பனியில் சோதித்துத் தேறியதற்குத்தான் வரும். அதனால் பெயர் ஆல் சீசனா, ஆல் வெதரா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் சின்னத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் சாலைக்கு மலைச் சின்னம் உள்ள ஆல் வெதர் நான்கு போதும் என்பது என் கருத்து.

பதில் 1: எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அந்தச் சோதனை இறுகிய பனியில் நடப்பது, கண்ணாடி ஐஸில் இல்லை. தெரு ஏற்றமாக இருந்து ஐஸ் கட்டினால் அசல் குளிர்கால டயர்தான் சரி. 7 டிகிரிக்குக் கீழேயும் அதன் ரப்பர் இறுகாமல் மென்மையாகவே இருக்கும். வெயில் காலத்தில் கழற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும், பிரேக்கும் இழுத்துக்கொண்டு போகும். தனி ரிம்மில் ஒரு செட் வைத்துக்கொண்டால் மாற்றுவது சுலபம், காரின் கையேடு அனுமதித்தால் 195/65 ஆர்15கூடப் போடலாம், உயரம் ஏறக்குறைய அதேதான்.

கேட்டவர்: தெரு சமதளம்தான், இன்னொரு செட் வைக்க இடமும் இல்லை. சரி, ஆல் வெதர் நான்கு. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: சமதளம் என்றால் சரி, விட்டுவிடுகிறேன்.

பதில் 2: அளவுக்குப் பின்னால் வரும் 91 போன்ற எண் சுமைக்கானது, காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. காற்றை, வண்டி வெகுநேரம் ஓடாமல் நின்று டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், 5, 6 டிகிரி குளிர் கூடினாலே ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும், சூடான பட்டறைக்குள் அடித்த அளவு வெளியே நிற்காது. பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் உருளும் திசையில் இருக்கிறதா என்று வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே நான்கையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள், அவசரத்தில் இடம் வலம் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.